ஏஞ்சல்ஸ் அணியின் பெயர் ஏன் இத்தனை முறை மாறியது?

கேள்வி இதுதான்: அமெரிக்க பேஸ்பாலில் ஏஞ்சல்ஸ் என்ற அணியை, ஆட்டக்காரர் படம் போட்ட பழைய கார்டுகளில் 'கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ்' என்று போட்டிருக்கிறார்கள். 2002 சாம்பியன் பட்டியலில் 'அனாஹைம் ஏஞ்சல்ஸ்' என்று இருக்கிறது. இப்போது 'லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ்'. இவை வேறு வேறு அணிகளா? முதலாளி மாறும்போதெல்லாம் பெயரையும் மாற்றினார்களா?

முதல் பாதிக்குப் பதில் சுலபம். ஒரே அணிதான். அமெரிக்காவின் இரண்டு பெரிய பேஸ்பால் லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் 1961-ல் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரே உறுப்பினர் உரிமை, ஒரே சாதனைப் பட்டியல், நடுவில் அறுபடாத கணக்கு.

இரண்டாவது பாதிக்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். அறுபது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டாலும் இந்த அணியைக் கையில் வைத்திருந்த முதலாளிகள் மூன்றே தரப்புதான்: ஜீன் ஆட்ரி, டிஸ்னி கம்பெனி, ஆர்ட்டே மொரேனோ. பெயரோ நான்கு முறை மாறியிருக்கிறது. ஆக, முதலாளி மாறினால் பெயர் மாறும் என்ற கணக்கு உதைக்கிறது. என் கணக்கு வேறு. ஒவ்வொரு முதலாளியும் எந்த ஊர்க்காரர்களை நம்பிக் கடை விரித்தாரோ, அந்த ஊர் பெயர்ப்பலகையில் ஏறியது. மூன்று பேருமே விளம்பரம், ஒலிபரப்பு, கேளிக்கை சார்ந்த தொழில்காரர்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

'ஏஞ்சல்ஸ்' என்ற பெயரே இவர்கள் சொந்தமாக வைத்ததல்ல, காசு கொடுத்து வாங்கியது. 1903 முதல் பசிபிக் கோஸ்ட் லீக் என்ற சிறிய லீக்கில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ் என்றொரு அணி ஆடிக்கொண்டிருந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த டாட்ஜர்ஸ் அணியின் முதலாளி வால்டர் ஓமாலி, 1957-ல் அந்தச் சிறிய அணியையும் அதன் மைதானத்தையும் வாங்கினார். மறுவருடம் தன் டாட்ஜர்ஸை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பழைய ஏஞ்சல்ஸை ஸ்போகேன் நகரத்துக்கு அனுப்பிவிட்டார். அணி போய்விட்டது, பெயர் மட்டும் ஓமாலியின் கையில் தங்கிவிட்டது.

1960-ல் அமெரிக்கன் லீக் புதிதாக இரண்டு அணிகளைச் சேர்க்க முடிவு செய்தது. அதில் ஒன்று லாஸ் ஏஞ்சல்ஸுக்கு. முதலில் ஆசைப்பட்டவர் முன்னாள் நட்சத்திரம் ஹேங்க் கிரீன்பர்க். அவருக்குக் கூட்டாளி பில் வீக். மைதானத்தில் வேடிக்கை காட்டிக் கூட்டம் சேர்ப்பதில் வீக் கில்லாடி. தன் ஊரில் அப்படி ஒரு போட்டியாளர் வருவதை ஓமாலி விரும்பவில்லை. அவர் முட்டுக்கட்டை போட, கிரீன்பர்க் ஒதுங்கிவிட்டார்.

இங்கேதான் ஆட்ரி வருகிறார். குதிரையில் வந்து பாட்டுப் பாடும் கவ்பாய் நாயகனாகச் சினிமாவில் கொடிகட்டிப் பறந்தவர். அவருடைய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒலிக்கிறது. ஹாலிவுட் நடைபாதையில் சினிமா, இசை, வானொலி, தொலைக்காட்சி, மேடை என்று ஐந்து பிரிவுகளிலும் நட்சத்திரம் பதித்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் பணத்தை அவர் போட்டு வைத்தது வானொலி நிலையங்களில். டாட்ஜர்ஸ் ஆட்டங்களின் வர்ணனை அவருடைய கே.எம்.பி.சி. நிலையத்தை விட்டு இன்னொரு நிலையத்துக்குப் போயிருந்தது. வரப்போகும் புது அணியின் வர்ணனை உரிமையையாவது பிடித்துவிடலாம் என்று 1960 டிசம்பரில் லீக் கூட்டத்துக்குப் போனவர், அணியையே வாங்கிக்கொண்டு திரும்பினார். வானொலிக்குச் சரக்கு தேடிப் போனவரிடம் ஓர் அணியே அகப்பட்டுவிட்டது.

மற்ற அணிகளிடமிருந்து 28 ஆட்டக்காரர்களை, ஆளுக்கு 75,000 டாலர் வீதம், 21 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள். பெயருக்கு ஓமாலியிடம் தனியாகப் பணம் கட்டினார்கள். அதற்கு மேல் நிபந்தனைகள் வேறு. முதல் வருடம் ஓமாலியின் பழைய சிறிய மைதானத்தில் ஆட வேண்டும். 1962 முதல் அவருடைய புத்தம்புதிய டாட்ஜர் ஸ்டேடியத்தில் வாடகைக்கு இருக்க வேண்டும்.

அந்த வாடகை வாழ்க்கையைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளை, வாடகை வீட்டில் இருந்த யாரும் உடனே புரிந்துகொள்வார்கள். காமன் லைட், மோட்டார் கரண்ட் என்று மாதக் கடைசியில் பங்கு பிரித்து நீட்டும் வீட்டு ஓனரை நினைத்துக்கொள்ளுங்கள். கழிவறைக் காகிதச் செலவில் பாதி ஏஞ்சல்ஸ் கணக்கில் எழுதப்பட்டது. 1962-ல் டாட்ஜர்ஸ் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் 27 லட்சத்துக்கும் மேல், ஏஞ்சல்ஸுக்கு வந்தவர்கள் சுமார் 11 லட்சம். ஆனால் கழிவறைக் காகிதச் செலவு மட்டும் சரிபாதி. ஜன்னலே இல்லாத அறையில் அலுவலகம் வைத்திருந்தவர்களுக்கு ஜன்னல் துடைத்த செலவிலும் பங்கு வந்ததாம். ஏஞ்சல்ஸ்காரர்கள் அந்த மைதானத்தை டாட்ஜர் ஸ்டேடியம் என்று வாயால் சொல்லவே மாட்டார்கள். அது அமைந்திருந்த இடத்தின் பெயரான சாவேஸ் ராவைன் என்றுதான் குறிப்பிட்டார்கள். குடியிருந்தாலும் ஓனர் பெயரைச் சொல்லக் கூடாதென்ற வைராக்கியம்.

1965-ல் வந்த கூட்டம் வெறும் 5.66 லட்சம். சொந்த வீடு தேடியே ஆக வேண்டிய நிலை. லாங் பீச் நகரம் மைதானம் கட்டித் தரத் தயாராக இருந்தது. ஆனால் 'லாங் பீச் ஏஞ்சல்ஸ்' என்று பெயர் வைக்கச் சொன்னது. ஆட்ரி மறுத்துவிட்டார். ஒரு சிறிய ஊரின் பெயரைச் சூட்டிக்கொண்டால் மற்ற ஊர்க்காரர்கள் 'நம் அணி' என்று சொல்வார்களா என்ற கவலை ஒரு வானொலி முதலாளிக்கு இருக்கத்தானே செய்யும்? பக்கத்தில் ஆரஞ்சு கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) இருந்த அனாஹைம் அப்படி எதையும் வற்புறுத்தவில்லை. ஆரஞ்சுத் தோப்பும் சோளக்காடும் தீவன வயலுமாக இருந்த நிலத்தில் நகராட்சி மைதானம் கட்டியது. பத்து வருடம் முன்பு அதே ஊரில் டிஸ்னிலாண்டைத் திறந்திருந்த வால்ட் டிஸ்னி, ஏஞ்சல்ஸின் ஆலோசனைக் குழுவிலும் இருந்தார் என்பது பின்னால் வரும் கதைக்கு ஒரு முன்குறிப்பு.

1965 செப்டம்பர் 2 அன்று பெயர் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் ஆனது. தேதியைக் கவனியுங்கள். சீசன் இன்னும் முடியவில்லை, இன்னும் ஓமாலியின் மைதானத்தில்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மூட்டை கட்டும் முன்பே பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். மாநிலத்தின் பெயரை வைப்பது அப்போது புது வழக்கம். மினசோட்டா ட்வின்ஸ் 1961-ல்தான் அதை ஆரம்பித்துவைத்தது. அன்றைக்கு அமெரிக்கன் லீக்கில் கலிஃபோர்னியாவின் ஒரே அணி ஏஞ்சல்ஸ் என்பதால் பெயர் பொருந்தவும் செய்தது. 1966-ல் அனாஹைமில் முதல் வருடமே 14 லட்சம் பேர் வந்தார்கள். ஆனால் 1968-ல் ஓக்லாந்துக்கு அத்லெட்டிக்ஸ் அணி வந்தது. 1969-ல் சான் டியேகோவுக்குப் பாட்ரெஸ் வந்தது. அப்புறம் ஒரே மாநிலத்தில் ஐந்து அணிகள், அதில் ஒன்று மட்டும் மாநிலம் முழுவதையும் பட்டா போட்டுக்கொண்ட மாதிரி பெயர் வைத்திருந்தது.

இருந்தாலும் மூன்று பத்தாண்டுகள் அந்தப் பெயர்தான். இன்று ஐம்பது வயதைத் தாண்டிய ரசிகர்களுக்கு அணி என்றால் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ்தான். நோலன் ரயன் பந்து வீசியது அந்தப் பெயரில். 1979, 1982, 1986 என்று மூன்று முறை பிரிவில் முதலிடம் பிடித்ததும் அந்தப் பெயரில். 1986-ல் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடருக்குள் நுழைய ஒரே ஒரு ஸ்ட்ரைக், அதாவது எதிராளி ஒரு பந்தைத் தவறவிடுவது மட்டும் பாக்கி இருந்தபோது பாஸ்டனிடம் ஆட்டத்தைக் கோட்டைவிட்டதும் அந்தப் பெயரில்தான். ஒரு அணியில் 25 ஆட்டக்காரர்கள் என்பதால் ஆட்ரியை 26-வது ஆள் என்று மரியாதை செய்து, 26 என்ற எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காமல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 'கவ்பாய்க்காக ஒரு கோப்பை' என்ற ஏக்கம் மட்டும் தீரவில்லை.

1996-ல் டிஸ்னி கம்பெனி கால்பங்கை வாங்கி நிர்வாகத்தையும் எடுத்துக்கொண்டது. மீதி, ஆட்ரி காலமான பிறகு என்று ஒப்பந்தம். அவர் 1998 அக்டோபரில் மறைந்தார், அணி முழுதாக டிஸ்னியிடம் போனது. டிஸ்னிக்கு அனாஹைம் ரொம்ப முக்கியமான ஊர். பூங்காவும் அங்கேதான், 1993-ல் ஆரம்பித்த ஐஸ் ஹாக்கி அணியும் அங்கேதான். ஊர்ப் பெயர் எவ்வளவு தூரம் பரவுகிறதோ அவ்வளவு நல்லது. நகராட்சிக்கும் அதே ஆசை. பழைய மைதானத்தைப் பத்து கோடி டாலருக்கும் மேல் செலவழித்துப் புதுப்பித்தார்கள். அதில் நகராட்சி போட்டது 3 கோடி. அதற்குப் பதிலாகக் குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டது: அணியின் பெயரில் 'அனாஹைம்' என்ற பெயர் இடம்பெற வேண்டும்.

இந்த வரியை மறந்துவிடாதீர்கள். 'அனாஹைம் ஏஞ்சல்ஸ் என்றுதான் அழைக்கப்பட வேண்டும்' என்று எழுதவில்லை. 'இடம்பெற வேண்டும்' என்று எழுதினார்கள். எங்கே இடம்பெற வேண்டும், முன்னாலா பின்னாலா, வேறு ஊர்ப் பெயர் கூட வரலாமா, எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்ட நாளில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணத்தில் இருந்ததால் யாருக்கும் அது உறுத்தியிருக்காது.

1997 முதல் அனாஹைம் ஏஞ்சல்ஸ். சீருடையில் சிறகு முளைத்த எழுத்து, வெளிர்நீலம் என்று டிஸ்னி ஏதேதோ செய்து பார்த்தது, ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. 2002-ல் சிவப்புக்கும் ஒளிவட்டம் வைத்த 'ஏ' எழுத்துக்கும் மாறினார்கள், அந்த வருடமே கோப்பை. சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுடன் ஏழு ஆட்டங்கள். ஆறாவதில் 5-0 என்று பின்தங்கி, தோல்வி நிச்சயம் என்ற நிலையிலிருந்து மீண்டு வந்தார்கள். கடைசி ஆட்டம் முடிந்து கொண்டாட்டம் நடக்கும்போது ஏஞ்சல்ஸ் ஆட்டக்காரர் டிம் சாமன் ஒரு வெள்ளைக் கவ்பாய் தொப்பியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் வலம் வந்தார். அது ஆட்ரியின் தொப்பி. முதலாளி வேறு, பெயர் வேறு, கோப்பை மட்டும் பழைய மனிதருக்கு. அணி ஜெயித்த ஒரே உலகத் தொடர் இதுதான் என்பதால், அனாஹைம்காரர்கள் இன்றும் பெயர்ச் சண்டையில் முதலில் எடுத்து வைக்கும் சீட்டு இது.

2003-ல் டிஸ்னி சுமார் 18 கோடி டாலருக்கு அணியை விற்றது. வாங்கியவர் ஆர்ட்டே மொரேனோ. அரிசோனாவில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் 11 பிள்ளைகளில் மூத்தவர், வியட்நாம் போரில் இருந்தவர், சாலையோர விளம்பரப் பலகைத் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவர். வந்ததும் முதல் வேலையாக மைதானத்தில் பீர் விலையைக் குறைத்தார். ஜனங்கள் கொண்டாடினார்கள். அந்த வருடம் கூட்டம் முதல்முறையாக 30 லட்சத்தைத் தாண்டியது.

விளம்பரப் பலகைக்காரரின் கண்ணுக்கு எது படும்? எந்தப் பலகையை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதுதான். அனாஹைமின் ஜனத்தொகை மூன்றரை லட்சத்துக்கும் கீழே. முக்கால் மணி நேரக் கார் தூரத்தில் இருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸோ அமெரிக்காவின் இரண்டாவது பெரிய தொலைக்காட்சிச் சந்தை. ஊர் பெரிதாகத் தெரிந்தால் ஒளிபரப்பு உரிமைக்குப் பேரம் பேசும்போது கை ஓங்கும். ஆனால் குத்தகைப் பத்திரத்தில் அந்த ஒரு வரி நிற்கிறது. சரி, வரியை மீறாமல் என்ன செய்யலாம்? 2005 ஜனவரி 3 அன்று அறிவித்தார்கள்: 'அனாஹைமின் லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ்'.

அறுபது வருடக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது, கொஞ்சம் நின்று போகலாம். ஸ்பானிய மொழியில் 'லாஸ் ஏஞ்சலஸ்' என்றாலே 'தேவதூதர்கள்' என்றுதான் பொருள். ஆக, தேவதூதர்கள் ஊரின் தேவதூதர்கள். நாம் 'நடு சென்டர்' என்று சொல்வோமே, அந்த ரகம். ஆங்கிலத்திலாவது ஊருக்கும் அணிக்கும் ஒரு எழுத்து வித்தியாசம் இருக்கிறது. தமிழில் எழுதினால் அச்சுப்பிழை போலவே இருக்கும். அனாஹைம் என்ற பெயருக்கும் கதை உண்டு. 1857-ல் ஜெர்மானியர்கள் வந்து குடியேறிய ஊர். சான்டா ஆனா ஆற்றின் 'ஆனா'வோடு வீடு என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லான 'ஹைம்' சேர்ந்தது. இன்னொரு வேடிக்கை, 1889-ல் ஆரஞ்சு கவுண்டி பிரியும்வரை அனாஹைம் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டிக்குள்தான் இருந்தது.

இரண்டு ஊரிலும் எரிச்சல். டாட்ஜர்ஸ் ரசிகர்கள் 'லாஸ் ஏஞ்சல்ஸின் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ்' என்று அச்சடித்த டி-ஷர்ட் போட்டுக் கேலி செய்தார்கள். அனாஹைம் நகராட்சி நீதிமன்றம் போனது.

வழக்கில் நகராட்சி சொன்னது: 3 கோடி கொடுத்ததே ஊர் பெயர் நாலு இடத்தில் தெரிய வேண்டும் என்றுதான், வாலில் ஒட்டவைப்பதற்கா கொடுத்தோம்? அணி சொன்னது: பெயரில் அனாஹைம் இடம்பெற்றிருக்கிறதா இல்லையா? இருக்கிறது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்துவிட்டோம். 2006 பிப்ரவரியில் ஜூரி 9-க்கு 3 என்ற கணக்கில் அணியின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டிலும் 2008 டிசம்பரில் நகராட்சி தோற்றது. அதன் பிறகு விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால், எழுத்தில் ஜெயித்தது மொரேனோ, நியாயம் இருந்தது நகராட்சியிடம். ஆனாலும் பத்திரம் எழுதிய வக்கீல் இன்னும் நாலு வார்த்தை சேர்த்திருந்தால் வழக்கே வந்திருக்காது என்பதால் முழு அனுதாபமும் வர மறுக்கிறது.

அந்த வழக்கின் தலைப்பில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. பிரதிவாதியின் பெயர் 'ஏஞ்சல்ஸ் பேஸ்பால்' என்ற கம்பெனி. அதில் எந்த ஊரும் கிடையாது. 2005-க்குப் பிறகு வந்த சீருடைகளிலும் அதே கதை. பொதுவாக அணிகள் சொந்த மைதானத்தில் அணிப் பெயரும் வெளியூரில் ஊர்ப் பெயரும் போட்டுக்கொள்ளும். இவர்கள் இரண்டிலும் 'ஏஞ்சல்ஸ்' மட்டும். எந்த ஊர்க்காரர் கோபித்தாலும் சட்டையைக் காட்டிச் சமாளிக்கலாம்.

பணக் கணக்கில் மொரேனோ ஏமாறவில்லை. 2011 கடைசியில் கையெழுத்தான 20 வருட ஒளிபரப்பு ஒப்பந்தம் சுமார் 300 கோடி டாலர் மதிப்பு என்று செய்தி வந்தது. அதே டிசம்பரில் நட்சத்திர ஆட்டக்காரர் ஆல்பர்ட் பூஹோல்ஸை 24 கோடி டாலருக்கு எடுத்தார்கள். 2016 வாக்கில் வாலில் இருந்த 'அனாஹைமின்' என்பதும் சத்தமில்லாமல் உதிர்ந்து, லீக் பட்டியலில் வெறும் லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆகிவிட்டது.

மைதானத்தையே மொரேனோ வாங்கிவிடும் கட்டமும் வந்தது. 2019 டிசம்பரில் நகராட்சியுடன் விற்பனை முடிவாகி, சுமார் 32 கோடி டாலர் பேசப்பட்டது. 2022 மே மாதம் அமெரிக்காவின் மத்திய புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அனாஹைம் மேயர் ஹேரி சித்துவை விசாரிப்பது வெளியே வந்தது. அவர் பதவி விலகினார், நகர மன்றம் விற்பனையை ரத்து செய்தது. மறுவருடம் சித்து நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அணியின் மேல் வழக்கு எதுவும் போடப்படவில்லை. அதே 2022 ஆகஸ்டில் அணியை விற்கப் பார்ப்பதாகச் சொன்ன மொரேனோ, 2023 ஜனவரியில் மனம் மாறி, விற்கவில்லை என்றார். அந்த வருடக் கடைசியில் ஏஞ்சல்ஸின் நட்சத்திர ஆட்டக்காரர் ஷோஹேய் ஓதானி 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் டாட்ஜர்ஸுக்குப் போனார். பெயரில் லாஸ் ஏஞ்சல்ஸ் வைத்திருந்த அணியை விட்டு, லாஸ் ஏஞ்சல்ஸிலேயே இருக்கும் அணிக்கு.

ஒரு ஒப்பீட்டுக்கு ஓக்லாந்தில் இருந்த அத்லெட்டிக்ஸைப் பாருங்கள். ஃபிலடெல்ஃபியா, கான்சஸ் சிட்டி, ஓக்லாந்து, இப்போது சாக்ரமென்டோ பக்கம் என்று ஊர் ஊராக அலைந்தாலும் தன் பெயரை விடவில்லை. ஏஞ்சல்ஸ் அதற்கு நேர் எதிர். 1966-லிருந்து அதே ஊர், அதே மைதானம். வாசலில் 230 அடி உயரத்தில் ஒளிவட்டத்தோடு நிற்கும் 'ஏ' கூட அப்போது வைத்ததுதான், உள்ளே ஸ்கோர் பலகையைத் தாங்கியிருந்ததை வாகன நிறுத்தத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏஞ்சல்ஸ் ஜெயித்தால் அந்த வட்டத்தில் விளக்கு எரியும்.

பழைய கார்டு, புள்ளிவிவரம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுருக்கக் குறியீட்டில் 'சிஏஎல்' என்றால் 1965 செப்டம்பர் முதல் 1996 வரை. 'ஏஎன்ஏ' என்றால் 1997 முதல் 2004 வரை. 'எல்ஏஏ' என்றால் மட்டும் அவசரப்படாமல் வருடத்தைப் பாருங்கள். அது ஓமாலிக்கு ஜன்னல் துடைத்த பங்கைக் கட்டிய காலத்து அணியாகவும் இருக்கலாம், மொரேனோவின் அணியாகவும் இருக்கலாம்.